சிவப்பு விளக்கும் நேர்கோடும்

சில்வர் புரோமைடு பூசிய தாளைச் சிவப்பு விளக்கின் கீழே உறையிலிருந்து எடுக்கலாம், அளவுக்கு வெட்டலாம், டெவலப்பர் தட்டில் போட்டு உருவம் எழும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே ஆட்டலாம். அதே தாளின் மேல் கதவிடுக்கு வழியாக ஒரு கீற்றுப் பகல் வெளிச்சம் விழுந்தால் போதும், டெவலப்பரில் போட்டதும் கறுத்துவிடும். அருப்புக்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்த என் தாய்மாமாவுக்கு இது தொழிலின் முதல் பாடம். ஏன் அப்படி என்று அவர் கேட்டதில்லை. எனக்கு அந்த 'ஏன்' பிழைப்பாகவே அமைந்தது. மல்லாங்கிணற்றிலிருந்து மதுரைக்குப் போய் ஒரு கல்லூரியின் கருவி அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். புற ஊதா, கண்ணுறு ஒளி நிறமாலைமானி என் பொறுப்பு. "அண்ணே, யு.வி. எடுக்கணும்" என்று பொட்டலத்தோடு வந்து நிற்பார்கள். "பொடியா தம்பி, ஃபிலிமா?" என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. அந்தப் பொருள் எந்த அலைநீளத்தில் ஒளியை உட்கவரத் தொடங்குகிறது என்று அளந்து வரைபடத்தைக் கையில் கொடுப்பேன். அதிலிருந்து பொருளின் ஆற்றல் இடைவெளியை, நாங்கள் சொல்கிறபடி பேண்ட் கேப்பை, கணக்கிட்டு ஆய்வேட்டில் எழுதிக்கொள்வார்கள். இன்று கணினியே கோடு போட்டு எண்ணையும் சொல்லிவிடுகிறது. அந்தக் கோட்டை முதலில் யார் போட்டார்கள், எந்தப் பொருளுக்காகப் போட்டார்கள், எதை நம்பிப் போட்டார்கள் என்பது மறைந்துகொண்டிருக்கிறது. அது மறையக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

திண்மப் பொருளில் எலக்ட்ரான்கள் நிரம்பிய பட்டை ஒன்று உண்டு. அதற்கு மேலே காலியான பட்டை. இரண்டுக்கும் நடுவில் எலக்ட்ரான் தங்க முடியாத இடைவெளி. குறைகடத்திகளுக்கு இந்தச் சித்திரத்தை 1931-ல் இங்கிலாந்தின் ஆலன் வில்சன் எழுதிக் கொடுத்தார். இடைவெளியைத் தாண்டவைக்கும் அளவு ஆற்றலுள்ள ஒளி உட்கவரப்படும். அதற்குக் குறைந்த ஒளி ஊடுருவிப் போய்விடும். 1240-ஐ நானோமீட்டர் கணக்கிலுள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் வந்துவிடும். சில்வர் புரோமைடின் இடைவெளி ஏறத்தாழ 2.6. அலைநீளமாகச் சொன்னால் 480 நானோமீட்டரை ஒட்டிய நீலம். சிவப்பு விளக்கின் ஒளியில் இருப்பதோ 2 எலக்ட்ரான் வோல்ட்தான். சில்வர் குளோரைடுக்கு இடைவெளி இன்னும் அகலம், 3.2-க்குப் பக்கம். குளோரைடு பூசிய காண்டாக்ட் தாளை மங்கிய மஞ்சள் வெளிச்சத்திலேயே கையாள முடிந்தது அதனால்தான். எந்தத் தாளுக்கு எந்த பல்பு என்று தெரிந்து வைத்திருந்த ஒவ்வொரு ஸ்டூடியோக்காரரும் உட்கவர்ச்சி தொடங்கும் இடத்தைக் கையாலே அறிந்தவர் என்றே நான் கருதுகிறேன். அந்தத் தாள்கள் எங்கிருந்தோ மட்டும் வரவில்லை. 1960-ல் அரசு நிறுவனமாகத் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967 முதல் ஊட்டியில் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் தாளும் தயாரித்தது. இன்று அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. சில்வர் உப்புகளின் ஒளி விளிம்பைத் தொழிலாக வைத்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைத்த ஓர் இடம் தமிழ்நாட்டில் இருந்தது என்பது வேதியியல் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாவது வர வேண்டிய செய்தி.

கண்ணாடித் தகடு காலத்துக் குடும்பப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். நெற்றிக் குங்குமம் கரிப்பொட்டாக இருக்கும். சிவப்புப் பட்டு கறுப்புச் சேலையாக மாறியிருக்கும். வானம் மேகமே இல்லாத வெறும் வெள்ளை. தகட்டுக்கு நீலமும் ஊதாவும் தவிர வேறெதுவும் எட்டாததால் வந்த விளைவு அது. 1873-ல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல், தகட்டில் சாயம் ஏற்றினால் அது பச்சையையும் பதிவு செய்கிறது என்று கண்டார். சில்வர் உப்பு செய்ய முடியாததைச் சாயம் செய்தது: தான் உட்கவர்ந்த ஒளியின் பலனை உப்பிடம் ஒப்படைத்தது. இதே உத்தியை டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் பயன்படுத்தித்தான் 1991-ல் பிரையன் ஓ'ரீகனும் மைக்கேல் கிரெட்செலும் சாயம் ஏற்றிய சூரிய மின்கலத்தை அறிவித்தார்கள். செம்பருத்திச் சாறும் நாவல்பழச் சாறும் குப்பியில் எடுத்துக்கொண்டு மாணவர்கள் என் அறைக்கு வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சிவப்பு விளக்கின் கீழேயும் தாளை ரொம்ப நேரம் திறந்து வைக்கக் கூடாது என்பது மாமா சொன்ன இன்னொரு பாடம். வைத்தால் வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் படியும். ஸ்டூடியோக்காரர்கள் அதை ஃபாக் அடித்துவிட்டது என்பார்கள். இடைவெளிக்குக் கீழே ஒளி உட்கவரப்படவே படாது என்றால் இது நடக்கக் கூடாதே? இதே கேள்வியைப் புகைப்படத் தொழிலின் உள்ளிருந்தே கேட்டு விடை சொன்னவர் ஃப்ரான்ஸ் உர்பாஹ். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் ஆய்வகத்தில் வேலை பார்த்த இயற்பியலர். 1953-ல் அவர் வெளியிட்ட சிறு குறிப்பு, ஃபிலிமின் ஒளியுணர்வு நீண்ட அலைநீளப் பக்கத்தில் எப்படி முடிகிறது என்பதைப் பற்றியது. அது சட்டென்று நிற்பதில்லை. ஆற்றல் குறையக் குறைய ஒவ்வொரு படியிலும் ஒரே விகிதத்தில் சுருங்கிக்கொண்டே போகிறது. வெப்பநிலை கூடினால் அந்தச் சரிவு இன்னும் படுத்துக்கொள்கிறது. இன்று உலகெங்கும் அது உர்பாஹ் வால் என்று அழைக்கப்படுகிறது. ஆற்றல் இடைவெளியை அளக்கிற எவரும் முதலில் மோதுவது இந்த வாலோடுதான்.

எங்கள் பக்கத்துக் கண்மாயை வைத்து இதைச் சொல்லலாம். கண்மாய்க்கு ஒரு பக்கம் கரை. அங்கே தண்ணீர் தொடங்கும் இடத்தைக் கால் வைத்துக் காட்டலாம். எதிர்ப்பக்கம் உள்வாய். அங்கே தரை கண்ணுக்குத் தெரியாமல் சாய்ந்துகொண்டே போகும். ஈரம், சேறு, கணுக்கால் தண்ணீர், முழங்கால் தண்ணீர். கண்மாய் எங்கே தொடங்குகிறது என்று உள்வாய்ப் பக்கம் நின்று கேட்டால் பத்துப் பேர் பத்து இடத்தைக் காட்டுவார்கள். நிறமாலையில் விளிம்பு பெரும்பாலும் உள்வாய்ப் பக்கம் போலத்தான் இருக்கிறது.

எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்கு ஒளி விளிம்போடு இன்னொரு உறவும் உண்டு. கரிசலுக்கு மேற்கே, மலையடிவாரத்து வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4-ஆம் தேதி பிறந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்துக் கல்கத்தாவில் சி. வி. இராமனிடம் போய்ச் சேர்ந்தார். 1928 பிப்ரவரியில் அவர்கள் இருவரும் கண்ட விளைவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒளிச்சிதறலைப் பற்றியே எழுதுகிறார்கள். அந்தச் சோதனை எதைப் பிடித்துக்கொண்டு நின்றது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வெயிலைத் தொலைநோக்கி வில்லையால் குவித்தார்கள். அதன் பாதையில் நீல ஊதாவை மட்டும் விடும் வடிகட்டி ஒன்று. மஞ்சள் பச்சையை மட்டும் விடும் வடிகட்டி இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் வெளிச்சம் முழுதாக அடைபட வேண்டும். பிறகு இரண்டாவது வடிகட்டியை மட்டும் எடுத்து, திரவத்துக்கும் கண்ணுக்கும் நடுவே வைத்தார்கள். நிறம் மாறாத சிதறல் மட்டும் இருந்தால் அங்கேயும் இருட்டுதான் இருக்க வேண்டும். இருட்டாக இல்லை, மங்கலாக ஒரு தடம் தெரிந்தது. திரவம் ஒளியின் அலைநீளத்தை மாற்றியிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. வடிகட்டியின் உட்கவர்ச்சி விளிம்பு சற்றே ஒழுகியிருந்தாலும் அந்தச் சான்று நின்றிருக்காது. ஏறத்தாழ 60 திரவங்களில் பார்த்த பிறகு அவர்கள் அனுப்பிய கடிதம் 1928 மார்ச் 31 தேதியிட்ட நேச்சர் இதழில் வந்தது. கருவி என்று சொல்ல வெயில், வில்லை, இரண்டு வடிகட்டிகள், மனிதக் கண். கிருஷ்ணன் பிற்பாடு கிராஃபைட்டின் மின்கடத்தலையும் படிகங்களின் காந்தப் பண்பையும் ஆராய்ந்து, தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு முதல் இயக்குநரானார். விருதுநகர் மாவட்டப் பள்ளிகளில் அவர் பெயர் போதுமான அளவு கேட்பதில்லை என்ற வருத்தம் எனக்கு நிறைய உண்டு.

கண்ணின் இடத்தைக் கருவி பிடித்தது 1941-ல். அமெரிக்காவின் ஆர்னால்டு பெக்மன் டி.யூ. என்ற நிறமாலைமானியை 723 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார். புற ஊதாவிலும் எண்ணாகப் படிக்க முடிந்தது. ஆனால் ஒவ்வொரு அலைநீளத்துக்கும் கையால் திருகித்தான் எடுக்க வேண்டும். எங்கள் கல்லூரிக்கு முதலில் வந்த கருவியும் அந்த ஜாதிதான். குமிழைத் திருப்பு, வெறும் கரைப்பானை வைத்துச் சுழியாக்கு, சாம்பிளை வை, முள் நிற்கும் இடத்தை எழுது. 5 நானோமீட்டர் தள்ளிப் போய் மறுபடியும் அதையே செய். ஒரு நிறமாலைக்கு ஒரு முற்பகல் போய்விடும். புள்ளிகளைக் கிராஃப் தாளில் குறித்து, வளைவரையின் செங்குத்தான பகுதியை ஒட்டி ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்து, அது அடிக்கோட்டை வெட்டும் இடத்தைத் தொடக்கம் என்று எழுதுவோம். மெதுவான வேலை. அந்த மெதுவில்தான் ஒவ்வொரு புள்ளியும் ஏன் அங்கே விழுந்தது என்று யோசிக்க நேரம் கிடைத்தது.

பிறகு இரட்டைக் கற்றைக் கருவி வந்தது. தானே அலகிட்டுத் தானே வரைந்தது. அதோடு புதிய ஏமாற்றங்களும் வந்தன. புற ஊதாவுக்கு டியூட்டீரியம் விளக்கு, கண்ணுறு ஒளிக்கு டங்ஸ்டன் விளக்கு. 350 நானோமீட்டரை ஒட்டி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கருவி மாறும்போது வரைபடத்தில் ஒரு சிறிய படி விழும். அதைப் பொருளின் விளிம்பு என்று எடுத்துக்கொண்டு சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. சாதாரணக் கண்ணாடிக் குப்பியே 320, 330 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை விழுங்கத் தொடங்கிவிடும். ஆகவே அந்தப் பகுதியில் குவார்ட்ஸ் குப்பி இல்லாமல் எடுத்த விளிம்பு, கண்ணாடியின் விளிம்பு. அசிட்டோனில் கரைத்துக் கொண்டுவந்தால் 330-க்குக் கீழே பார்ப்பது அசிட்டோனை. கண்ணாடி வில்லை மேல் துத்தநாக ஆக்சைடு படலம் பூசிக் கொண்டுவருவார்கள். அதன் விளிம்பு 370-ஐ ஒட்டி வரும். அதற்கு மேலே அலை அலையாக ஏறி இறங்கும் கோடு, படலத்தின் இரு பரப்புகளிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால் வருவது. அதைப் பொருளின் குணம் என்று படிக்கக் கூடாது. இவையெல்லாம் எந்த மென்பொருளுக்கும் தெரியாது. கருவி அறையில் நிற்கிற ஆளுக்குத்தான் தெரியும்.

கோட்டுக்கு வருகிறேன். ஒளித்துகளை வாங்கிக்கொண்டு எலக்ட்ரான் நேராக மேல் பட்டைக்குத் தாவும் பொருள்கள் உண்டு. காட்மியம் சல்ஃபைடு அப்படி, இடைவெளி 2.42, அதனால்தான் அது மஞ்சள். படிக அதிர்வு ஒன்றின் துணை இருந்தால்தான் தாவும் என்ற பொருள்களும் உண்டு. சிலிக்கானும் ஜெர்மானியமும் அந்த வகை. அவற்றின் விளிம்பு மெதுவாகவே ஏறும். 1955-ல் இங்கிலாந்தில் மக்ஃபார்லேனும் ராபர்ட்ஸும் இந்த இரண்டிலும் அந்த ஏற்றத்தை வெவ்வேறு வெப்பநிலைகளில் அளந்து, அதிர்வின் கைவரிசையைக் காட்டினார்கள். நேரடித் தாவல் என்றால் உட்கவர்ச்சிக் கெழுவையும் ஒளி ஆற்றலையும் பெருக்கி, அதை இருமடி ஆக்கி வரைந்தால் நேர்கோடு வரும். மறைமுகத் தாவல் என்றால் அதே பெருக்கலின் வர்க்கமூலத்தை வரைய வேண்டும். கோடு ஆற்றல் அச்சைத் தொடும் இடத்திலிருந்து இடைவெளியைப் படிக்கலாம். மறைமுகத் தாவலில் அதிர்வின் ஆற்றலையும் கழித்தோ கூட்டியோ பார்க்க வேண்டும்.

மாணவர்கள் எல்லாரும் இதை டவுஸ் வரைபடம் என்பார்கள். செக் நாட்டு இயற்பியலர் யான் டவுஸ், ருமேனியாவின் ராடு கிரிகொரோவிச், ஆன்கா வான்கு ஆகிய மூவரும் 1966-ல் வெளியிட்ட கட்டுரை அது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஒழுங்கான படிகம் எதையும் அல்ல; அணுக்கள் வரிசை கலைந்து கிடக்கும் ஜெர்மானியப் படலம். வரிசை கலைந்த பொருளில் எலக்ட்ரானின் உந்த விதி தளர்ந்துபோகிறது, ஆற்றல் கணக்கு மட்டும் நிற்கிறது என்று கொண்டு அவர்கள் கோட்டைப் போட்டார்கள். அறை வெப்பநிலையில் 0.88 எலக்ட்ரான் வோல்ட் கிடைத்தது. படிக ஜெர்மானியத்தின் இடைவெளியோ 0.66-தான். வர்க்கமூலம் எடுக்கிற வழி இரண்டுக்கும் ஒன்றே. காரணம் முற்றிலும் வேறு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல், இருமடி போட்டுப் பார்த்து, வர்க்கமூலம் போட்டுப் பார்த்து, எது அழகாக நேராக வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளும் வழக்கம் நிலைபெற்றுவிட்டது. எந்த வளைவையும் போதுமான அளவு சிறிதாக வெட்டினால் நேராகத்தான் தெரியும். அந்தச் சிறு துண்டில் கோடு போட்டு இரண்டு தசமம் வரை எண் எழுதுவது எனக்குப் பொறுத்துக்கொள்ள முடியாத காரியம்.

பொடிகளின் கதை தனி. பொடிக்குள் ஒளி நேராகப் போகாது. பட்டுச் சிதறித் திரும்பும். அதனால் பேரியம் சல்ஃபேட் வெள்ளையை ஒப்புப் பொருளாக வைத்துத் திரும்பும் ஒளியை அளக்கிறோம். அந்த எண்ணை உட்கவர்ச்சியாக மாற்றும் சமன்பாட்டை 1931-ல் பால் குபெல்காவும் ஃப்ரான்ஸ் முங்கும் எழுதினார்கள். அவர்கள் யோசித்தது சுவருக்கும் மரத்துக்கும் அடிக்கும் பெயின்ட்டைப் பற்றி. அடியில் இருக்கும் நிறத்தை மறைக்க எத்தனை கனம் பூச வேண்டும் என்பதே கேள்வி. ஒருவகையில் அது ஊர் திரும்பி வந்திருக்கிறது என்றும் சொல்லலாம்: இன்று அந்தச் சமன்பாட்டில் அதிகம் ஓடும் பொடி டைட்டானியம் டை ஆக்சைடு, பெயின்ட்டின் வெள்ளையும் அதே. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட் அதற்கு மூலப்பொருள். அதன் அனடேஸ் வடிவத்துக்கு இடைவெளி 3.2, விளிம்பு 387 நானோமீட்டர். ரூட்டைல் வடிவத்துக்கு 3.0, விளிம்பு 413. வெள்ளைப் பொடிக்குள் ஏதாவது கலந்து அந்த விளிம்பைக் கண்ணுறு ஒளிக்குள் இழுத்துவிட்டால் வெயிலிலேயே சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யலாம் என்பது எத்தனையோ ஆய்வேடுகளின் ஆசை. நல்ல ஆசை. அந்த ஆசையே கண்ணை மறைக்கவும் செய்கிறது.

2018-ல் போலந்தின் கிராகோவ் நகரிலிருந்து மக்குவா, பாட்சியா, மாட்சிக் மூவரும் எழுதிய சிறு கட்டுரையை நான் அச்செடுத்துக் கருவி அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். டைட்டானியம் டை ஆக்சைடோடு மீத்தைல் ஆரஞ்சு சாயத்தை வெறுமனே கலந்தார்கள். சாயம் அந்தப் பொடியின் இடைவெளியை மாற்றவே இல்லை, அது தனியாகத் தன் ஒளியை உட்கவர்கிறது. ஆனாலும் வழக்கம்போலக் கோட்டை நீட்டி அச்சை வெட்டவிட்டால் இடைவெளி குறைந்துவிட்டதாக எண் வருகிறது! விளிம்புக்குக் கீழே ஏற்கெனவே இருக்கும் உட்கவர்ச்சிக்கும் ஓர் அடிக்கோடு போட்டு, இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தை எடுத்தால் பழைய எண் திரும்பி வருகிறது. நாங்கள் கிராஃப் தாளில் அடிக்கோடு போட்ட காலத்தில் இது சொல்லாமலே நடந்த காரியம். மென்பொருளில் அச்சே அடிக்கோடாகிவிட்டது.

2016-ல் திருச்சுழிக்குத் தெற்கே, கமுதிப் பக்கம் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த வறண்ட நிலத்தில் ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டருக்குத் தகடுகள். நான் ஆய்வறையில் எழுதிக் கொடுத்த எண்கள் வெயிலில் என்னவாக இருக்கும் என்பதை அதற்குப் பிறகுதான் மாணவர்களுக்குக் கைகாட்டிச் சொல்ல முடிந்தது. சிலிக்கானின் இடைவெளி 1.12; 1100 நானோமீட்டருக்கு அப்பால் வரும் ஒளி அதற்குப் பயன்படாது. விளிம்பு மெதுவாக ஏறுவதால் சிலிக்கான் வில்லை 150, 180 மைக்ரோமீட்டர் கனம் இருந்தாக வேண்டும். நேரடித் தாவல் உள்ள காட்மியம் டெல்லுரைடுக்கு இரண்டு மூன்று மைக்ரோமீட்டர் படலம் போதும். இருமடியா வர்க்கமூலமா என்ற கேள்விக்குத் தொழிற்சாலையில் பதில் கனமாகவும் விலையாகவும் வருகிறது.

வெப்பநிலை அதைவிட நெருக்கமான விஷயம். தகட்டின் பின்பக்கம் எழுதியிருக்கும் வாட் கணக்கு, மின்கலம் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. சித்திரை வெயிலில் எங்கள் பக்கம் தகட்டின் சூடு 65 டிகிரியைத் தொடும். சூடேற ஏறச் சிலிக்கானின் இடைவெளி சற்றுக் குறுகுகிறது. வெப்பத்தாலேயே தாவிவிடும் எலக்ட்ரான்கள் பெருகுகின்றன. மின்னழுத்தம் இறங்குகிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் ஏறத்தாழ 0.4 விழுக்காடு போகும் என்று வைத்துக்கொண்டால், உச்சி வெயிலில் ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. அப்படியிருந்தும் சூரிய மின்கலத்துக்கென்று புதுப் படலம் செய்கிற ஆய்வேடுகளில் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் எடுத்த ஒரே ஒரு நிறமாலைதான் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் பழைய மாணவர்கள் தங்கள் மாணவர்களை என்னிடம் அனுப்புகிறார்கள். படலத்தைச் சூடேற்றும் பிடிப்பானில் வைத்து 25 டிகிரியிலும் 65 டிகிரியிலும் விளிம்பை எடுத்து இரண்டையும் ஒரே தாளில் வரையச் சொல்கிறேன். கோடு எந்த ஆற்றலிலிருந்து எந்த ஆற்றல் வரை உள்ள புள்ளிகளில் போடப்பட்டது, அடிக்கோடு எது, நேரடியா மறைமுகமா என்று முடிவு செய்யக் காரணம் என்ன என்பதையும் படத்தின் கீழேயே எழுதச் சொல்கிறேன். போன மாதம் கல்குறிச்சியிலிருந்து வந்த ஒரு பெண், அப்படி எழுதியதும் தன் படலத்தின் பேண்ட் கேப்பில் இரண்டாம் தசமத்தைத் தானே அடித்துவிட்டாள்.